கறுப்பு பக்கெட்டில் நின்ற வெள்ளைப் பூ

நீல ரோஜா எந்த ஊரிலும் பூப்பதில்லை. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிந்தும் கேட்பார்கள், இது எங்கே விளைகிறது என்று. கடைக்காரர் தலையைத் தூக்காமல் ஊட்டி என்பார். பச்சை கார்னேஷன் என்றாலும் ஊட்டி, ஊதா ஜிப்ஸிப் பூ என்றாலும் ஊட்டி. ஒருமுறை ரிடையரான வாத்தியார் ஒருவர், தான் ஊட்டியில் ஏழு வருடம் வேலை பார்த்ததாகவும், அங்கே ஒரு நீல ரோஜாவைக்கூடப் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

"நீங்க கீழ ஊட்டியில இருந்திருப்பீங்க சார். இது மேல" என்று கடைக்காரர் பூவைச் சுற்றிக் கொடுத்தார். வாத்தியார் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

நான் உள்ளே பக்கெட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பூவுக்கு நீலம் ஏற்றியது நான். அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது. பொய் அடுத்தவர் மேல் விழுகிற வரைக்கும் எல்லாருக்கும் சிரிப்புதான் வரும்.

கடை ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் இருக்கிறது. அங்கே பதினோரு வருடம் வேலை செய்தேன். பத்தாவது வரை படித்தவள். கவுன்டரில் நின்று பேச எனக்கு வராது. யாராவது நேராக முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் பதில் தொண்டையில் வந்து நின்றுவிடும். அவர்கள் போன பிறகுதான் வெளியே வரும். அதனால் உள்வேலை எனக்குப் பொருத்தமாக இருந்தது. பூவோடு பேச வேண்டியதில்லை.

நிறம் ஏற்றுவது கஷ்டமான வேலை இல்லை, கவனம் மட்டும் வேண்டும். வெள்ளைப் பூவாக எடுக்க வேண்டும். தண்டைச் சாய்வாக வெட்டி, இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைக்க வேண்டும். தாகம் எடுத்த பூதான் வேகமாகக் குடிக்கும். பிறகு கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, சாயப் பொடியைக் கரைத்து, பூவை அதில் நிறுத்தினால் நிறம் தண்டு வழியாக ஏறும். போய்ச் சேருகிற முதல் இடம் இதழின் ஓரம். அடுத்தது நரம்பு. அதற்குப் பிறகுதான் இதழ் முழுவதும். மூன்று மணி நேரத்தில் எடுத்தால் பென்சிலால் கோடு இழுத்தது போல ஓரம் மட்டும் நிறமாக இருக்கும். நாள் முழுக்க விட்டால் அடர்த்தியாகும். பொடி அதிகமானால் பூ தலை தொங்கிவிடும். சேவந்திக்கு இவ்வளவு பொறுமை தேவையில்லை. தலைகீழாக முக்கி, உதறி, கோணியின் மேல் கவிழ்த்துவிட்டால் போதும்.

எங்கள் கடையில் புதுப் பூவுக்கு மட்டும் நிறம் ஏற்றினோம் என்று சொன்னால் அது பொய். வெள்ளையாக விற்காமல் ஓரம் பழுப்பாகிவிட்ட பூவைத்தான் முதலில் எடுப்போம். நீலத்துக்குள் பழுப்பு தெரியாது. இதைக் கடைக்காரர் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்து அவருக்குச் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன், என்னைச் சுத்தமானவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கையுறை போட்டாலும் நகக்கண்ணில் சாயம் இறங்கிவிடும். எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலில் திருவிருந்து அப்பம் வாங்கக் கையை நீட்டும்போது ஒரு வாரம் பச்சையாக இருக்கும், ஒரு வாரம் நீலமாக இருக்கும். மற்ற நேரங்களில் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன்.

நானும் தங்கையும் இருப்பது ஊரிகத்தில், அப்பா தங்க மைனில் வேலை செய்த காலத்தில் கிடைத்த, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில். நடுவில் பிளைவுட் அடித்து இரண்டாகப் பிரித்திருக்கிறோம். ஒரு பக்கம் தங்கை, அவள் புருஷன், அவர்கள் மகள். மறுபக்கம் நான். தங்கையின் புருஷன் விடிவதற்குள் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வருவார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. தங்கை மகளுக்குத் தலை பின்னி பள்ளிக்கு அனுப்பியது நான். அவளுக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்தது நான். இதையெல்லாம் கணக்குக்காகச் சொல்லவில்லை. பின்னால் என்னைப் பற்றிச் சொல்லப்பட்டதைப் புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் கேட்ட ஒரே விஷயம், கையில் பிடிக்கிற பூச்செண்டைப் பெரியம்மாதான் கட்ட வேண்டும் என்பது. மாப்பிள்ளை வீட்டார் பெங்களூரில் குடியேறிய எங்கள் ஊர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா போனில் ஒரு நிபந்தனை போட்டார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் பூவுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறார்களாம், அதெல்லாம் வேண்டாம், சுத்த வெள்ளையாக இருக்கட்டும் என்று. தங்கை அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். எனக்கும் வெள்ளைதான் பிடிக்கும் என்றேன்.

அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் நாற்பது நாள் அடைத்து வைத்த கல்யாணம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அதே வாரத்தில்தான் சட்ட மேதையின் பிறந்த நாளுக்கு அவர் சிலைக்கு மாலை போடும் விழாவும். அந்த விழா வந்தால் எங்கள் ஊர் முழுக்க நீலம். கொடி நீலம், பந்தல் நீலம், மாலையும் நீலமாக இருக்க வேண்டும். வண்டி வண்டியாகச் சேவந்தி வந்து இறங்கியது. மூன்று நாள் முக்கி முக்கி என் கை முழங்கைவரை நீலமாகிவிட்டது.

கடையில் நான் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். கறுப்பு பக்கெட்டுகள் நல்ல தண்ணீருக்கு. சாயத்துக்குப் பழைய பெயின்ட் டப்பாக்கள். ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் ஊற்றக் கூடாது. வாய் திறந்து நான் போட்ட ஒரே சட்டம் அது, பதினோரு வருடத்தில்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஐந்து மணிக்கு நான் கிளம்பிவிட்டேன். வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். நான் போன பிறகு நடந்தது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. ஆனால் படிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் தெரியாமல் தவித்தது போல நீங்களும் தவிக்கத் தேவையில்லை.

மாலை ஆர்டர் இன்னும் இருபது கூடுதலாக வந்திருக்கிறது. பெயின்ட் டப்பா போதவில்லை. கடைக்காரரின் மனைவி ஒரு கறுப்பு பக்கெட்டை எடுத்து அதில் நீலத்தைக் கரைத்துச் சேவந்தியை முக்கியிருக்கிறார்கள். முடிந்ததும் சாயத்தை வெளியே கொட்டிவிட்டார்கள். பக்கெட்டைக் கழுவவில்லை. அன்றைக்குத் தண்ணீர் டேங்கர் வரவில்லை. எங்கள் ஊரில் டேங்கர் வராத நாளில் யாரும் பக்கெட் கழுவ மாட்டார்கள். சோறு சாப்பிட்ட தட்டையே துடைத்துத்தான் வைப்போம். விடிகாலையில் பூதிகோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கார்னேஷனும் ரோஜாவும் வந்து இறங்கியதும், அந்த அம்மா தண்டு நுனிகளை வெட்டி, அதே பக்கெட்டில் ஒரு குடம் நல்ல தண்ணீரை ஊற்றி, வெள்ளைப் பூவை அதில் நிறுத்திவிட்டார்கள். வழியெல்லாம் தண்ணீர் இல்லாமல் வந்த பூ. நல்ல தாகத்தில் இருந்திருக்கும்.

நான் ஆறு மணிக்குக் கடைக்குப் போனேன். உள்ளறையில் ஒரே ஒரு பல்பு. கறுப்பு பக்கெட்டில் தண்ணீரின் நிறம் தெரியாது. பூக்களை எடுத்தேன், வெள்ளையாக இருந்தன. வழக்கமாக நான் எந்தப் பூவை எடுத்தாலும் நுனியை இன்னொரு முறை வெட்டுவேன். அன்று வெட்டவில்லை. நுனி புதிதாக வெட்டியிருந்தது, தண்டின் நீளமும் சரியாக இருந்தது, வீட்டில் எனக்காகக் காத்திருந்தார்கள். வெட்டியிருந்தால் தண்டின் நடுவில் ஊசி முனை அளவுக்கு நீலப் புள்ளிகள் தெரிந்திருக்கும். இது என் தவறு. இதை மட்டும் யாராவது என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். யாரும் இதைச் சொல்லவில்லை.

செண்டைக் கட்டி, வெள்ளை நெட் சுற்றி, கார் வரும் வரைக்கும் வாடாமல் இருக்கட்டும் என்று அதே பக்கெட்டில் நிறுத்தினேன். ஒன்பது மணிக்குக் கார் வந்தது. மனக்கணக்குப் போட்டால் நாலு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பூ நீலம் குடித்திருக்கிறது.

கோயிலில் பத்து மணிக்கு ஆராதனை. என் பிள்ளை, தங்கை மகளை நான் அப்படித்தான் சொல்வேன், வெள்ளைப் புடவையில் நடந்து வந்தாள். கையில் நான் கட்டிய செண்டு. முதல் பாட்டு முடிந்தது. ஜன்னல் பக்கமிருந்து வெயில் அவள் மேல் விழுந்தபோது, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு இதழ்களின் ஓரம் மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். பாஸ்டர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அரை மணி நேரப் பிரசங்கம். அந்த அரை மணி நேரமும் கார்னேஷன் ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீலக்கோடு ஏறுவதை நான் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து போய் அவள் கையிலிருந்து வாங்கிவிடலாமா என்று நினைத்தேன். அத்தனை பேர் நடுவில் எழுந்து நடக்க என் கால் வரவில்லை. மோதிரம் மாற்றும்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வீடியோக்காரர் கிட்டே போய் எடுத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா செண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள். கார் அலங்காரத்துக்காக வந்திருந்த கடைக்காரர் அங்கேதான் நின்றிருந்தார். இது யார் செய்த வேலை என்று அந்த அம்மா சத்தமாகக் கேட்டார்கள்.

கடைக்காரர் என்னைக் காட்டினார். "அவங்கதான் கட்னாங்கோ. கலர் வேலையெல்லாம் அவங்க கைதாம்மா. எங்களுக்கு இன்னா தெரியும்."

யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்கள். மூன்று நாள் சேவந்தி முக்கிய கை. அதை ஒளிக்க அன்று கட்டியிருந்த பட்டுப்புடவையின் முந்தானை போதவில்லை.

"சொந்தப் பெரியம்மாவா?" என்றார்கள் மாப்பிள்ளையின் அம்மா.

பக்கத்தில் நின்ற அவர்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, மெதுவாகப் பேசுகிற மாதிரி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கல்யாணம் ஆவாதவங்க கையில இத்த ஏன் குடுத்தீங்கோ? வயிறு எரியாதா பின்ன?"

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் தங்கையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, "அப்பிடி சொல்லாதீங்க" என்று ஒரே ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரும் என்று பார்த்தேன். அவள் மகளின் புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள். மடிப்பு சரியாகத்தான் இருந்தது.

எனக்குக் கடைக்காரர் மேல் வந்த கோபம் பெரியதுதான். ஆனால் அவர் வியாபாரி. மாட்டிக்கொண்டால் கையைக் காட்டுவது வியாபாரியின் புத்தி. அந்தச் சொந்தக்காரப் பெண்ணை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. என் தங்கை அப்படி இல்லை. நாங்கள் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் என் பக்கம் படுத்திருந்தேன். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் தங்கை போனில் பேசிக்கொண்டிருந்தாள். பிளைவுட்டில் எந்தப் பேச்சும் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். "ஆசையாத்தான் வளத்தா. இல்லன்னு சொல்லல. ஆனா மனசுக்குள்ள இன்னா இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்" என்றாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். தடுப்பைத் தட்டி, எனக்குக் கேட்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை வெட்கக்காரி என்று எல்லாரும் செல்லமாகச் சொல்வார்கள், ஏதோ நல்ல குணம் போல. நல்ல குணம் இல்லை. ஒருத்தி பேச மாட்டாள் என்று தெரிந்தால் அவள் மேல் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று மற்றவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். கறுப்பு பக்கெட் அப்படியே இருந்தது, அடியில் நாலு விரல் தண்ணீரோடு. எவர்சில்வர் டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பார்த்தேன். வெளிர் நீலம். கடைக்காரரின் மனைவியிடம் டம்ளரைக் காட்டினேன். அந்த அம்மா ஒளிக்கவில்லை. நடந்ததை நான் மேலே எழுதியது போல அப்படியே சொன்னார்கள். "தண்ணி எங்க கீது கழுவறதுக்கு? லேசா ஒட்டிகினு இருந்துச்சி. இதுல இன்னா ஆவப்போவுதுனு நெனச்சேன். தப்புதாம்மா" என்றார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை. தண்ணீருக்குப் பயந்து செய்த காரியம்.

கடைக்காரர்தான் குறுக்கே வந்தார். இதை வெளியே பேசிப் பெரிதாக்க வேண்டாம் என்றார். கடைப் பெயர் கெட்டால் கல்யாண சீசனே போய்விடும், என்னுடைய பெயர் கெட்டால் என்ன ஆகப்போகிறது, நான் என்ன கடையா வைத்திருக்கிறேன் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் புத்தி சொல்கிற மாதிரி சொன்னார். நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றார்.

எங்கள் வீட்டுக்கு வந்து என் தங்கையிடம் மட்டும் நடந்ததைச் சொல்லுங்கள், வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன். நான் அவரிடம் வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "அடடா, நீயே சொல்லிக்கோம்மா, உன் தங்கச்சிதானே" என்று சிரித்தார். நான் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து கடைக்குப் போகவில்லை.

தங்கையிடம் நானே சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கெட்டைக் கழுவாமல் வெள்ளைப் பூவை வைத்துவிட்டார்கள், அந்த அம்மாவே ஒப்புக்கொண்டார்கள் என்று சொன்னேன். நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"சரிக்கா, வுடு. ஆனது ஆச்சி" என்றாள்.

நம்புகிறவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். கழுவவில்லையா என்று கேட்பார்கள். எந்தப் பக்கெட் என்று கேட்பார்கள். அந்தக் கடைக்காரனை நாலு வார்த்தை திட்டுவார்கள். அவள் துண்டை நாலாக மடித்து அலமாரியில் வைத்தாள்.

அடுத்த வாரம் பிள்ளை பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் போட்டோக்களை அனுப்பினாள். செண்டு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. நீலத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டார்களாம், அவளுடைய மாமியார் சொல்லிச் செய்ததாம். கீழே குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: "பாருங்க பெரியம்மா, ஒண்ணுமே தெரியல. நான் அதையெல்லாம் மனசுல வச்சிக்கல. நீங்களும் ஃபீல் பண்ணாதீங்க."

அதை நான்கைந்து முறை கேட்டேன். அவள் குரலில் அன்பு இருந்தது. அவள் என்னை மன்னித்திருந்தாள். நான் செய்யாத ஒன்றுக்கு, நான் தலை பின்னிவிட்ட பிள்ளை என்னை மன்னித்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். சாயங்காலம் எடுத்து, சரிம்மா என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அந்த ஒரு வார்த்தைக்கு இன்றும் என் மேல் எனக்குக் கோபம். சரி என்று எழுதியிருக்கக் கூடாது. எதுவும் சரியாக இல்லை.

மூன்று வாரம் போனது. தங்கை என்னோடு பேசாமல் இல்லை. கேஸ் வந்ததா, தண்ணீர் பிடித்தாயா என்று எல்லாம் பேசினாள். பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்தபோது ஆரத்தி போன்ற சடங்கு ஒன்றும் எங்களிடம் இல்லை, ஜெபம் செய்து கேக் வெட்டுவோம். அந்தக் கேக்கைக் கொண்டுவர என்னைக் கூப்பிடவில்லை, பக்கத்து லைன் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டாள். கேக் வெட்டிய பிறகு எனக்கு ஒரு துண்டு தட்டில் வந்தது.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்த பிறகு, கடைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். ஒரு பெரிய ரிசப்ஷன் ஆர்டராம். ஊதாவும் நீலமும் கேட்கிறார்களாம். அவரே இரண்டு நாள் முயற்சி செய்து பார்த்திருக்கிறார். பொடி அதிகமாகி அத்தனை பூவும் தலை தொங்கிவிட்டது.

"இன்னாம்மா, ஒரேயடியா கோச்சிகினு வூட்டுல உக்காந்துட்ட? உன் கை இல்லாம நடக்கல. நாளைக்கு வந்துடு" என்றார்.

 இந்த முறை பதில் அவர் போகும்வரை காத்திருக்கவில்லை. அடுத்த கதவு திறந்திருந்தது, தங்கை உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல்ல அவகிட்ட சொல்லுங்கண்ணா. பக்கெட் விசயத்த சொல்லுங்க" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். ஆப்பிள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஆர்டர் பெரியதாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் சொன்னார். தங்கையின் வாசலுக்கு ஒரு எட்டு வைத்து, "அது ஒண்ணுமில்லம்மா. எங்க வூட்டம்மா கலர் பக்கெட்ட கழுவாம வெள்ளப் பூவ வச்சிட்டாங்கோ. தண்ணி இல்லாத நாளு பாரு. உங்க அக்கா மேல தப்பில்ல" என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தங்கையின் முகம் அப்படியே மாறியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பிடியாண்ணா? ஐயோ, எங்களுக்கு இன்னா தெரியும்? நாங்க வேற மாதிரி நெனச்சிட்டோம்" என்றாள். எந்தப் பக்கெட் என்று கேட்டாள். எப்போது வைத்தார்கள் என்று கேட்டாள். நான் மூன்று வாரம் காத்திருந்த கேள்விகள் எல்லாம் வரிசையாக வந்தன, அவரிடம். அவர் வாசலில் நிற்கிறாரே என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, அண்ணனுக்கு ஒரு காபி போடேன்" என்றாள். இனி எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்பதை அவள் அப்படித்தான் சொன்னாள். எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அடக்க முடியவில்லை.

"இதே வார்த்தைய நான் சொன்னப்போ நீ இன்னா சொன்ன?" என்றேன்.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி வுடு, ஆனது ஆச்சின்னு சொன்ன. அத்தயே இவருகிட்டயும் சொல்லு. அவருக்கும் காபி வேணாம், நாற்காலி வேணாம்."

என் குரல் லைன் முழுக்கக் கேட்டிருக்கும். எதிர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் நாற்காலியில் பாதி உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார். சண்டை வேண்டாம் என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னார். நாளைக்குக் கடைக்கு வர மாட்டேன், அதற்கு அடுத்த நாளும் வர மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அளவு வேண்டுமானால் எழுதிக் கொடுக்கிறேன், உங்கள் மனைவி நன்றாகச் செய்வார்கள், பக்கெட்டை மட்டும் கழுவச் சொல்லுங்கள் என்றேன். ஆப்பிளை அவர் படியில் வைத்துவிட்டுப் போனார். அதை யாரும் தொடவில்லை. மறுநாள் காலை ஒரு மாடு தின்றது.

தங்கை இரண்டு நாள் அழுதாள். பிறகு மகளுக்குப் போன் செய்தாள், சம்பந்தி அம்மாவுக்கும் போன் செய்தாள். பெரியம்மா மேல் தப்பில்லை என்று எல்லாருக்கும் சொன்னாள். ஒவ்வொரு முறையும், "கடைக்காரரே வூட்டுக்கு வந்து சொன்னாரு" என்றுதான் ஆரம்பித்தாள். பிள்ளை என்னைக் கூப்பிட்டு அழுதாள். அவளிடம் மட்டும் நான் கேட்டேன், அவர் வரவில்லை என்றால் என்ன நினைத்திருப்பாய் என்று. நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, "தெரியல பெரியம்மா" என்றாள். அந்தப் பதிலுக்காக அவள் மேல் எனக்குக் கோபம் குறைந்தது.

தங்கை மேல் குறையவில்லை. பேசுகிறோம், அவள் வைத்த குழம்பு என் பக்கம் வருகிறது, என் பக்கத்து ரசம் அங்கே போகிறது. உன்னை நம்பாமல் இருந்துவிட்டேன் என்று அவள் இன்னும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. கேட்டால், அதுதான் எல்லாருக்கும் சொல்லிவிட்டேனே என்பாள். எல்லாருக்கும் சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை. அவள் வந்து சொல்லும் வரைக்கும் நான் காபி போடுவதாக இல்லை.